நல்ல ஜாக்கெட்டாகப் பார்த்துக் கொடுங்கள்

போன வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் என் அண்ணன் மகன் சேகருக்குக் கல்யாணம். கூறைப்புடவைத் தட்டை வாங்கிக்கொண்டு உடுத்தப் போன பெண் திரும்பி வரவே இல்லை.

பதறாதீர்கள். ஓடிப்போகவில்லை. ஓடிப்போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு தூக்கிவாரிப் போட்டிருக்காது. ஏனென்றால், நடந்த கூத்துக்கு முழுமுதற் காரணம் உங்கள் அபிமான எழுத்தாளியாகிய நான்தான்!

எங்கள் வீட்டு வழக்கம் இது. முகூர்த்தப் புடவையும் ஜாக்கெட்டும் பிள்ளை வீட்டார் எடுப்போம். முன்னால் காட்டுவது கிடையாது. மணவறையில் தட்டில் வைத்துத்தான் கொடுப்போம். பெண் உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் தாலி.

ஜாக்கெட் என் பொறுப்பு என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அத்தை என்றால் சும்மாவா? சாதாரண ஜாக்கெட் இல்லை. அரக்குப் பட்டில், ஜரிகைக் கம்பியும் சம்கியும் வைத்து, கை முழுக்க அன்னப்பட்சி, முதுகில் கொடி… எல்லாம் கைவேலை. பூந்தமல்லியில் ஒரு பாய் இருக்கிறார். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று ஊசி போடுவார். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அளவு? அதற்கென்ன, பெண் வீட்டிலிருந்து ஒரு அளவு ஜாக்கெட் வாங்கினால் போயிற்று. பெண் கஸ்தூரிக்குத் திருமழிசை. அப்பா வயல் வேலையை விட்டு தொழிற்பேட்டைப் பட்டறைக்குப் போகிறவர். கஸ்தூரி அம்பத்தூரில் டெரிலின் சட்டை தைக்கும் கம்பெனியில் இருக்கிறாள். தரகரிடம் சொல்லி அனுப்பினேன் — நல்ல ஜாக்கெட்டாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏன் அந்த ‘நல்ல’? பாய் பார்ப்பாரே! நாங்கள் பெண்ணெடுக்கும் இடத்தைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? இப்படி ஒரு வறட்டு ஜம்பம் எனக்கு.

வந்தது. புத்தம்புது ஜாக்கெட். பாய் அதை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“சின்னப் பொண்ணு அளவாட்டம் கீதேம்மா. கல்யாணப் பொண்ண ஒரு தபா இட்டாந்தீங்கன்னா நல்லது. ஓரம் வரைக்கும் வேல வருது, உள்ள துணி விட முடியாது.”

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை அப்படியெல்லாம் கூட்டிக்கொண்டு அலையும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்றேன். பெண் ஒல்லிதான், உங்கள் வேலையைப் பாருங்கள் என்றும் சொன்னேன். நானே ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்திருந்தேன். அதுவும் புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்!

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஐயர் இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார். முகூர்த்தம் முடிய அரை மணிதான் பாக்கி. சேகர் மணவறையில் தனியாக விழித்துக்கொண்டிருந்தான். நானும் அண்ணியும் மணமகள் அறைக்குப் போனோம்.

உள்ளே… கஸ்தூரி புடவையை மேலே சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். ஆறு வாரம் பாய் கண்ணைக் கொடுத்துச் செய்த ஜாக்கெட் அவள் முழங்கையைத் தாண்டவில்லை. மூலையில் தங்கை வசந்தி தேம்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அளவு ஜாக்கெட் இவளுடையது.

அண்ணிக்கும் புரிந்துவிட்டது. ஆனால் வேறு மாதிரி. சின்னவள் அளவைக் கொடுத்தார்களென்றால் என்ன அர்த்தம், யாரைக் காட்டி யாரைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்று வாசலில் நின்றே ஆரம்பித்தாள். இது மண்டபத்துக்குள் போனால் கல்யாணம் அவ்வளவுதான். அண்ணியை வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டேன். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை.

பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன், ஏனம்மா இப்படிச் செய்தீர்கள் என்று. கோபமாகத்தான் கேட்டேன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

“நீங்க நல்ல ஜாக்கெட்டா கேட்டீங்களே… பெரியவளுது எல்லாம் அக்குள்ல கிழிஞ்சி, ஊக்கு குத்திகினு கீது. அத எப்டிம்மா மாப்ள ஊட்டுக்கு அனுப்பறது? சின்னவ டைப்பு கிளாஸு போறான்னு பெரியவதான் அவளுக்குப் புதுசா தச்சிக் குடுத்தா. அத எடுத்துக் குடுத்துட்டேன். உள்ள துணி விட்டுத் தைப்பாங்க, அதப் பிரிச்சி சரிபண்ணிக்கலாம்னு நெனச்சேன்.”

ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற பெண்ணுக்குக் கிழியாத ஜாக்கெட் ஒன்று இல்லை. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் நினைத்ததும் இல்லை. அளவான ஜாக்கெட்டைக் கேட்க வேண்டியவள், நல்ல ஜாக்கெட்டைக் கேட்டிருக்கிறேன்!

அப்போதுதான் கஸ்தூரி திரும்பினாள். அழவில்லை.

“கத்திரி இருந்தா குடுங்க அத்தை. பக்கத்துல பிரிச்சிப் பட்டி வச்சிடலாம்.”

துணிக்கு எங்கே போவது? தன் பையைத் திறந்தாள். விடியற்காலை பஸ்ஸில் திருமழிசையிலிருந்து போட்டுக்கொண்டு வந்து, மணவறையிலும் புடவையைப் போர்த்தி மறைத்திருந்த ஜாக்கெட் அதில் இருந்தது. வெளுத்துப்போன சிவப்பு. ஊக்குகூட அப்படியே இருந்தது. எங்களுக்கு அனுப்பக் கூசிய அதே ஜாக்கெட்!

ஊக்கைக் கழற்றினாள். கிழியாத முதுகுப் பக்கமாகப் பார்த்து நீளமாக இரண்டு பட்டி வெட்டினாள். பட்டு ஜாக்கெட்டின் கையோரத்திலிருந்து இடுப்புவரை தையலைப் பிரித்தாள். அன்னப்பட்சிக்கு ஒரு சம்கி உதிரவில்லை. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் வசந்தி. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது மட்டும் நான். அதுவும் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் கோத்தேன்.

ஐயர் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கஸ்தூரி மணவறைக்கு நடந்தாள். கையை இறக்கி வைத்திருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. தாலி ஏறியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. அடுத்தது மாலை மாற்றுவது!

சேகர் ஆறடி. அவன் கழுத்தில் மாலை போட இவள் இரண்டு கையையும் தூக்க வேண்டும். முன்வரிசையில் அண்ணி, அண்ணியின் தங்கைகள், போட்டோக்காரர். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். அன்று அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மணவறையில் ஏறி, சேகர் காதில் சொன்னேன்: “டேய், நல்லாக் குனிடா. கேள்வி கேக்காதே.”

அவன் கேள்வி கேட்கவில்லை. இடுப்புவரை குனிந்தான். கஸ்தூரி முழங்கையை விலாவோடு ஒட்டியபடியே மாலையைப் போட்டாள்.

பெண்டாட்டிக்கு இவ்வளவு அடக்கமாகக் குனிகிற பிள்ளையைப் பார்த்ததில்லை என்று பந்தியில் ஒரே பேச்சு. ஜாக்கெட் வேலைப்பாடு பிரமாதம், யார் பார்த்துச் செய்தது என்று நாலு பேர் என்னிடம் வந்து விசாரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேகர் ஒரு நிமிஷம் குனிந்தான், நிமிர்ந்துவிட்டான். எனக்குத்தான் இன்னும் தலை நிமிரவில்லை.