கடமையாகும் நாள்

உள்ளறையில் தகர டப்பா ஒன்று பரணிலிருந்து விழுந்து, சிமெண்டுத் தரையில் கடகடவென்று உருண்டது.

"என்ன தங்கச்சி, புதையல் எடுக்கிறியா?" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார் கண்ணாடிக் கடைக்காரர்.

"ஆமாண்ணே. பூதம் ஒண்ணு காவலுக்கு நிக்குது. அதைத் தள்ளிட்டு வரேன்."

பூதம் என்று அவள் சொன்னது மகளை. ஆஸ்பத்திரியில் காலை வேலை முடித்து வந்த மகள், கட்டிலுக்கு அடியில் போன டப்பாவை எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

"மூடி நசுங்கிடுச்சும்மா. ஏன் கை இப்படி நடுங்குது? பரீட்சைக்கா போறீங்க?"

"பரீட்சைதான்டி. போய் டீயைப் பாரு, பொங்கிடப் போகுது."

பதினேழு வருடமாக அவள் கை எதற்கும் நடுங்கியதில்லை. நடுங்கினால் அவள் வேலையே போய்விடும். முட்டைக் கிடங்கின் இருட்டறையில், விளக்குப் பெட்டிக்கு மேலே முட்டையைத் தூக்கிப் பிடித்து, உள்ளே கீறல் இருக்கிறதா, ரத்தப் புள்ளி இருக்கிறதா, பழசா புதுசா என்று பார்க்கிற வேலை. ஒரு கைக்கு இரண்டு முட்டை. நல்லது குழி அட்டைக்கு, சந்தேகமானது பக்கெட்டுக்கு. கிடங்கில் அவளுக்கு 'லைட்டக்கா' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். "லைட்டக்கா கண்ணுல பட்டா மாப்பிள்ளையோட உள்குணம்கூடத் தெரிஞ்சிடும்" என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேலி செய்வார்கள். "அப்படின்னா உங்க வீட்டுக்காரரை எல்லாம் ஒரு நாள் வரிசையா அனுப்புங்கடி" என்பாள் அவள்.

அந்தக் கை இன்று நடுங்கியதற்குக் காரணம், முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பள்ளிவாசலின் ஜகாத் நிதியை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்பவர். மூன்று நாளைக்கு முன் அவள்தான் போன் செய்தாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க. வரும்போது ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க."

"ரசீதா? யாருக்கு?"

"எனக்குத்தான்."

"வரேன் தங்கச்சி" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. ஒருவனுக்கு வீடு, ஒருத்திக்கு வளையல், இன்னொருவருக்குப் பிள்ளையை வெளிநாடு அனுப்ப வேண்டும். லைட்டக்காவின் ஆசை யாரும் கேள்விப்படாத ஆசை. தன் மீது ஜகாத் கடமையாக வேண்டும்!

ஜகாத்துக்கு ஒரு கோடு உண்டு. இன்ன எடை வெள்ளியின் மதிப்புக்கு மேல் செலவு போக மிச்சம் இருந்து, அதன் மீது பிறைக் கணக்கில் ஒரு வருடமும் கடந்துவிட்டால், நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கோட்டுக்கு மேலே இருக்கிறவர் கொடுப்பவர். கீழே இருக்கிறவர் வாங்கத் தகுதியானவர். மேலே இருக்கிற பலர் அந்த நாள் வருகிறதென்றால் நழுவ வழி தேடுவார்கள். இவளோ கீழே நின்றுகொண்டு அந்தக் கோட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது.

மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவள் கணவர் போய்விட்டார். அதே கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றியவர். ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மூன்று மாத வாடகை பாக்கி, வீட்டுக்காரர் வாசலில். அந்த வருடம் அவள் முதல் தடவையாகப் பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நின்றாள். நூற்றுக்கும் மேல் பெண்கள். ஆளுக்கு ஒரு நோட்டு. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். காலையில் வாங்கிய நோட்டு மாலைக்குள் அரிசிக் கடையில் போய்ச் சேர்ந்தது. மறு வருடமும் நின்றாள். அப்போதும் அதே கதைதான்.

அந்த இரண்டாவது வருடம், நோட்டுக் கொடுத்த கண்ணாடிக் கடைக்காரர் அந்தக் கையைக் கவனித்தார். போன வருடம் வந்த அதே கை. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"நூறு பேருக்கு ஒரு நாள் சோறு போடுறோம். மறு வருஷம் அதே நூறு பேர் வந்து நிக்கிறாங்க. இது ஜகாத்தா, இல்ல வரிசையைப் பழக்கிறோமா? ஒரு வீட்டை எடுத்து முழுசாச் செய்வோம். அந்த வீடு திரும்ப வரிசைக்கு வரக் கூடாது."

"மத்தவங்க கேட்டா என்ன சொல்றது? உன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா ஒரு வீடுதான் தெரியுதாக்கும்?" என்று ஒருவர் குத்தினார்.

"ஒரு வீடாவது தெரியுதே!" என்றார் இவர்.

அப்படித்தான் அவள் வீடு எடுக்கப்பட்டது. வாடகை பாக்கி தீர்ந்தது. வருடா வருடம் மகளின் பள்ளிக் கட்டணம் போனது. பிறகு நர்ஸ் படிப்புக்கு முழுச் செலவும். எல்லாம் ஒரே ஆளின் ஜகாத்திலிருந்து வந்தது.

வாடகை பாக்கி தீர்ந்த அந்த வருடமே அவள் கேட்டாள், "யாருண்ணே கொடுக்கிறது? ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

"பேர் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தங்கச்சி."

"ஆணா, பெண்ணா, அதையாவது சொல்லுங்க."

"மனுஷர்."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நோய் பிடித்தது. தெருவில் யாரைப் பார்த்தாலும், இவரா இருக்குமோ? ஜவுளிக் கடை முதலாளியைப் பார்த்தால் அவரா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மெத்தென்ற செருப்புக்கார அம்மாளா? யாராக இருந்தாலும் இருக்கலாம் என்பதால், அவள் யாரிடமும் முகம் சுளிக்க முடியாமல் போனது. கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால்கூட, "இவரா இருந்துட்டா?" என்று வாயை மூடிக்கொண்டாள். பதினோரு வருடம் இப்படி ஊரையே மரியாதையாகப் பார்த்து வாழ்ந்தவள் அவள். அந்தப் பழக்கத்தின் அடியில்தான் அந்த ஏக்கம் மெல்ல முளைத்தது. பெயர் தெரியாத ஒருத்தியின் வீட்டுக்குத் தன் கையிலிருந்தும் ஒன்று போக வேண்டும். அவளும் தெருவில் வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்து, "இவங்களா இருக்குமோ?" என்று யோசிக்க வேண்டும். ஒரு தடவையாவது தான் அந்த 'மனுஷர்' ஆக வேண்டும்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த மாதமே, "அடுத்த வீட்டை எடுங்கண்ணே" என்று தன் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னாள். போன வருடம் இதே பிறையில் அவள் சேமிப்பு கோட்டைத் தொட்டது. அவரிடம் கேட்டு, அந்தத் தொகையைச் சுவர்க் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தாள். முந்நூற்றுச் சொச்சம் நாட்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்து, இதோ இன்று.

டப்பாவை மேசையில் வைத்தாள். அஞ்சலகப் பாஸ்புத்தகம், ஒரு ஜோடி கம்மல், துணியில் முடிந்த ரொக்கம்.

"பாருங்கண்ணே. நீங்க சொன்ன தொகை. குறையாது. மேல கொஞ்சம் இருக்கும்."

அவர் கூட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு போனை எடுத்து எதையோ தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மாறியதை, முட்டைக்குள்ளேயே பார்க்கத் தெரிந்த அந்தக் கண்கள் தவறவிடுமா?

"என்னண்ணே?"

"தங்கச்சி... நீ வெச்சிருக்கிறது போன வருஷத் தொகை."

"நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னது அன்னைக்கு வெள்ளி என்ன விலையோ அது. கோடு ரூபாயில இல்லம்மா, வெள்ளி எடையில இருக்கு. இந்த ஒரு வருஷத்துல வெள்ளி எகிறிப் போச்சு."

அவள் புரியாமல் பார்த்தாள். பஸ் டிக்கெட் மாதிரி ஒரே தொகை என்று நினைத்துவிட்டாள், பாவம்! வருடம் முழுக்க அந்த ஒரு எண்ணையே குறி பார்த்து நடந்தவள். எண் தன் பாட்டுக்கு நடந்து போய்விட்டதை யார் அவளுக்குச் சொல்வது?

"எவ்வளவு குறையுது?"

சொன்னார். பெரிய தொகை இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"மாமா, ரெண்டு மாசம் முன்னாடி அம்மாகிட்ட அதுக்கு மேலயே இருந்துச்சு" என்று டீ டம்ளருடன் நின்ற மகள் வெடித்தாள். "கிடங்குல அட்டை அடுக்குற அக்காவோட வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்னு தூக்கிக் கொடுத்துட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்!"

"வாயை மூடுடி."

"தங்கச்சி, அதுவும் தர்மம்தான். சதகா. அதுக்கும்..."

"தெரியும்ணே. சதகா நான் வாங்கிக்கிட்டிருந்த காலத்துலயே கொடுத்திருக்கேன். அரை டம்ளர் பால் இருந்தா கால் டம்ளர் கொடுக்கலாம், யாரு தடுக்கப் போறா? இது அப்படியில்ல. இது என்மேல விழணும். கொடுக்கலைன்னா மறுமையில கேள்வி கேட்பாங்களே, அந்தக் கேள்வி எனக்கும் இருக்கணும்." மேசை மேலிருந்த ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தாள். "அப்போ நான் இன்னும் வாங்குற பக்கத்துலதான் இருக்கேனா?"

அவர் டீயை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

மகள் உள்ளே போவாள் என்று பார்த்தால், நின்ற இடத்திலேயே கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் வாங்கிய சங்கிலி. கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்களுக்குக் கொடுத்துட்டேன்மா. கடன் இல்ல, இரவல் இல்ல. உங்களுது. இப்ப சேர்த்துக் கணக்குப் போடுங்க மாமா. வருமா வராதா?"

கண்ணாடிக் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வரும். உண்மையாவே கொடுத்துட்டேன்னா வரும்." திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "இருபது வருஷமா ஜகாத் வசூல் பண்றேன். வருஷம் முடியறதுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் பொண்டாட்டி பேருக்கு மாத்திட்டு, மறுநாள் திருப்பி வாங்கிக்கிற ஆளுங்களைப் பார்த்திருக்கேன். கோட்டுக்குக் கீழ குதிக்கிறதுக்கு எத்தனை தந்திரம்! மேல ஏற அம்மாவும் பொண்ணும் இப்படி முட்டி மோதுறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

சங்கிலியில் மகளின் கழுத்துச் சூடு இன்னும் இருந்தது. லைட்டக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலை மூடினால் போதும். பதினோரு வருட ஏக்கம், இதோ, உள்ளங்கை அகலத்தில். ரசீதுப் புத்தகம் மேசை மேலேயே இருக்கிறது. அவள் விரல்கள் ஒரு தடவை மூடின.

பிறகு விரல்கள் திறந்தன.

"திரும்புடி."

"அம்மா..."

"திரும்புன்னு சொன்னேன்." மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, சங்கிலியைக் கழுத்தில் போட்டு, கொக்கியை மாட்டினாள். "விளையாட்டுக்குக் கொடுத்தா அது செல்லாது. உண்மையாக் கொடுத்தா, உன் கழுத்தைக் காலி பண்ணித்தான் உன் அம்மா பெரிய மனுஷி ஆகணும். ரெண்டுமே எனக்கு வேணாம்."

"நான் சந்தோஷமாத்தாம்மா..."

"உன் சந்தோஷம் எனக்குத் தெரியாதா? ஓடு நல்லா இருக்குன்னு முட்டையை அட்டையில வைக்கிறவ இல்லடி நான். உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுத்தான் வைப்பேன். உள்ள பார்த்தா இது உன் காசு. என்னுது இல்ல."

மகள் அழுதாள். அம்மா அழவில்லை. பாஸ்புத்தகத்தையும் கம்மலையும் ரொக்கத்தையும் எடுத்து டப்பாவில் வைத்தாள். நசுங்கிய மூடி சரியாக உட்காரவில்லை. அழுத்தி உட்கார வைத்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். கமிட்டியில் தன்னைக் குத்தியவர்கள் முன்னால் ஒரு ரசீதை நீட்ட அவரும் பல வருடமாகக் காத்திருந்தவர்தானே? அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

"இந்த வருஷக் கணக்கு அறுந்து போச்சு தங்கச்சி. மறுபடி கோட்டைத் தொடுற அன்னைக்கு எனக்குப் போன் பண்ணு. அன்னையிலிருந்து புதுசா ஒரு வருஷம்."

"இந்தத் தடவை மாசா மாசம் வெள்ளி விலை கேட்பேன், சொல்லணும். சலிச்சுக்கக் கூடாது."

"சலிச்சுக்கறதா? நீ கேட்காட்டியும் நானே சொல்றேன்."

வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவர், நிமிர நேரம் எடுத்துக்கொண்டார். அவள் அப்போதுதான் கவனித்தாள், அவர் எவ்வளவு தளர்ந்துவிட்டார் என்று.

"அண்ணே, வசூலுக்கு நீங்கதான் வரணும். வேற யாரையும் அனுப்பக் கூடாது."

"எனக்கு எழுபத்து நாலு ஆச்சும்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கதான் வரணும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார். ஒரு படி இறங்கினார். திரும்பிப் பார்த்தார். "எந்த வீட்டுக்குக் கொடுக்கணும்னு யோசிச்சு வெச்சிருக்கியா?"

"யோசிக்கலண்ணே. எனக்குத் தெரியவே கூடாது. நீங்களே பார்த்துக் கொடுங்க. யாருன்னு கேட்டா..."

"மனுஷர்னு சொல்றேன்" என்று அவள் வார்த்தையை முடித்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். இரண்டு மாடிப் படிகள். ஒவ்வொரு படியிலும் அவர் நின்று நின்று போவது கேட்டது. கடைசிப் படியும் கேட்டு, தெருச் சத்தத்தில் அது கரைந்து போகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

பிறகு கதவைச் சாத்தினாள்.