கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க

ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைக்கு டிப்ளமோ கேட்பார்கள். உண்மையில் ‘அட்ஜஸ்ட்’ என்ற ஒரே வார்த்தை போதும். இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் நான் அதை வைத்துத்தான் காலம் தள்ளினேன். நீங்களும் கம்பெனி உற்பத்தி லைனில் நின்றவரானால் இந்த அலுப்பு புரியும்.

இடம்

குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிடும். அங்கே அட்ஜஸ்ட் என்றால் நகர்ந்து உட்கார். இருவர் சீட்டில் நாங்கள் மூவர். ஒருநாள் நகர்ந்து நகர்ந்து என் பாதி உடம்பு வெளியே தொங்கியது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த வெல்டர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இன்னா சார், இவ்ளோ எடம் கீது, ஏன் ஓரமா குந்திகினு கீறீங்க?”

ஆள்

லைனில் ஆள் வராவிட்டால் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு: ஒருவரே இரண்டு மெஷினைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிக்காரர் முருகேசனிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“ரெண்டையும் நான் பாத்துக்கிடுதேன் சார். என் சாப்பாட்ட மட்டும் நீங்க கேன்டீன்ல போய் தின்னுட்டு வந்திருங்க.”

மடி

அக்கா மகளுக்கு ஒரு ஞாயிறு காலை குன்றத்தூர் மலைக்கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பினால் சரியாகப் போய்ச் சேரலாம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் வரவில்லை. மாற்று ஆள் வராமல் லைனை விட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் சட்டம். மேனேஜர் போனில், “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றார். இன்னொரு ஷிப்ட் நில் என்று அர்த்தம். காதுகுத்து இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

யூனிபார்மோடு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் இலை போட்டாள்.

“விடுடா. அதோட சித்தப்பா மடில வச்சி குத்திட்டோம். அட்ஜஸ்ட் பண்ணிக்கினோம்.”

‘நீ இல்லாமலே முடித்துவிட்டோம்’ என்றும் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் உண்டு என்பதை மட்டும் கம்பெனி டிரெய்னிங்கில் சொல்லித்தரவில்லை.