மாதையன் மாற்றச் சொன்ன வால்வு

பொம்மிடியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் நெஞ்சு வலித்து மாதையன் இறந்துவிட்டார் என்ற செய்தி, காலை பத்து மணிவாக்கில் நம் மெக்கானிக்குகளின் வாட்ஸப் குழுவில் வந்தது. நான் அப்போது ஒரு பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எதிரே அவர் கடை பூட்டிக் கிடந்தது. உங்களில் பலருக்கு அவர் நண்பர் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்: எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி அந்தக் கடை முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்பதை நான் பார்க்க வேண்டியதில்லை என்ற நினைப்புதான் வந்தது. துக்கம் அதற்குப் பிறகு, வெட்கத்தோடு சேர்ந்து வந்தது.

மாரண்டஹள்ளி பஸ் நிலையத்துப் பக்கம் முதலில் கடை வைத்தவன் நான். இரண்டு வருடம் கழித்து எதிர்ச்சாரியில் அவர் வந்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னிடம் இருந்த கருவிகள்தான் அவரிடமும் இருந்தன. ஆனால் ஒரு பிடிவாதம் அவரிடம் மட்டும் இருந்தது. டியூப்லெஸ் டயர் புதிதாக மாட்ட வருகிறவர் யாராக இருந்தாலும், காற்றடிக்கும் வால்வையும் சேர்த்து மாற்றினால்தான் டயரை மாட்டுவார். வெயிலில் காய்ந்து அடியில் வெடித்த ரப்பர் வால்வைக் கட்டைவிரலால் வளைத்து, அந்த வெடிப்பை வண்டிக்காரருக்குக் காட்டுவார். தூரம் ஓடுகிற வண்டி என்றால், ரப்பரே வேண்டாம், நட்டுப் போட்டு இறுக்குகிற உலோக வால்வு போட்டுக்கொள்ளுங்கள் என்பார்.

"டயரு எவ்வளவு புதுசா இருந்தாலும், காத்து இந்த விரல் தண்டி ரப்பர நம்பித்தாங்க நிக்குது" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

வேண்டாம் என்றவர்களை, வேறு கடையில் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த வேறு கடை என்னுடையது. நல்லா இருக்கிற வால்வை எதற்கு மாற்றுவது, அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே பழைய வால்வோடு டயரை மாட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் திருப்பி அனுப்பியவர்களே என்னிடம் வருகிறார்கள் என்பது உள்ளே உறுத்தியது. அதனாலேயே இன்னும் கூடச் சிரித்தேன்.

பாலக்கோட்டில் வங்கியில் வேலை பார்க்கும் என் மகள் கீர்த்தனாவின் ஸ்கூட்டரில் ஒருநாள் பளபளவென்று உலோக வால்வு இருந்ததைப் பார்த்தேன். எங்கே போட்டாய் என்று கேட்டேன். எதிர்க்கடையில் என்றாள். மெக்கானிக் வீட்டுப் பெண் எதிர்க்கடைக்குப் போனால் ஊர் என்ன நினைக்கும் என்று கத்தினேன். அவள் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"நீங்க காத்து அடிச்சுக் குடுத்தீங்கப்பா. அவரு வால்வ வளைச்சுப் பாத்தாரு."

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

அதற்கடுத்த கோடையில்தான் அது நடந்தது. தக்காளி வியாபாரி நாகராஜ் மனைவி சாந்தியோடு சேலம் போய்க்கொண்டிருந்தார். தொப்பூர் இறக்கத்தில் பின்சக்கரத்தில் காற்று மொத்தமாக இறங்கி, வண்டி ஆடிச் சாய்ந்தது. பின்னால் வந்த லாரி டிரைவர் எப்படியோ ஒடித்து நிறுத்திவிட்டார். சாந்திக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உறவினர்கள் வண்டியை டெம்போவில் ஏற்றி மாதையன் கடையில் இறக்கினார்கள். இரண்டு மாதம் முன்பு, வால்வு மாற்ற நேரமில்லை என்று அவர் கடையிலிருந்து கிளம்பி வந்த நாகராஜுக்கு அந்த டயரை மாட்டியவன் நான்.

அன்று சாயங்காலம் மாதையன் சாலையைத் தாண்டி என் கடைக்கு வந்தார். அதுவரை ஒருமுறையும் வந்ததில்லை. அடியோடு கிழிந்திருந்த வால்வை மேஜைமேல் வைத்தார்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்றார். "இனிமே மாத்திருங்க."

அவ்வளவுதான். போய்விட்டார். அவர் ஊரெல்லாம் சொல்வார் என்று பல நாள் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. மறுநாளே ஒரு பெட்டி வால்வு வாங்கினேன். அன்றிலிருந்து பழைய வால்வோடு ஒரு டயரும் என் கடையை விட்டுப் போனதில்லை. ஆனால் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த நல்ல குணமும் அவருக்கே வாய்த்திருக்கிறதே என்ற எரிச்சல்தான் மிஞ்சியது.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று அங்கே நின்றபோதும் எண்ணிப் பார்த்தேன். கூட்டத்தில் நாகராஜ் இருந்தார். தனியாக அழைத்துப்போய், அன்று வண்டி சாய்ந்ததற்கு என் வேலைதான் காரணம் என்று சொன்னேன்.

அவருக்கு அது புதிதாக இல்லை.

"அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வந்து மாதையன் சொல்லீட்டாருங்க. உங்கமேல கேஸ் குடுக்கட்டுமான்னு கூடக் கேட்டேன். 'அண்ணன் கையில வேல சுத்தம். நான் வால்வு மாத்தச் சொல்லப்போயித்தான் அவரு வீம்புக்கு மாத்தாம இருக்காரு. இனிமே மாத்துவாரு, நீங்க அங்கயே போங்க'ன்னாரு."

நாகராஜ் அதன்பிறகும் என் கடைக்கே வந்துகொண்டிருந்தார். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

நான் வால்வுப் பெட்டி வாங்குவதற்கு முன்பே அவர் எனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. இதுதான் முதல். 'கையில வேல சுத்தம்' என்று என்னைப் பற்றி அவர் சொன்ன மூன்று சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். அவர்மேல் இருந்த பொறாமையும் என்னிடமே இருக்கிறது. அது குறையும் என்று தோன்றவில்லை.