செல்வராஜின் இரண்டாவது புரோட்டா

ஒருவர் புரோட்டா சாப்பிடுவது செய்தியா? செல்வராஜ் சாப்பிட்டால் செய்திதான்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் நுழைகிறேன். மூலை டேபிளில் செல்வராஜ், புரோட்டாவைச் சால்னாவில் முக்கி முக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

செல்வராஜ் தீப்பெட்டி ஆபீஸ் வேன் டிரைவர். சுற்றுப்பட்டிப் பெண்களை வேலைக்கு ஏற்றி வந்து, சாயங்காலம் வீடு சேர்ப்பவர். போன தை மாதம் அவருக்குச் சோறு நெஞ்சில் நின்றது. அப்புறம் இட்லி நின்றது. கடைசியில் கஞ்சித் தண்ணீரே மல்லுக்கட்டியது. மதுரையில் டெஸ்ட் எடுத்தார்கள் — உணவுக்குழாயில் கேன்சர்.

"முதல்ல கீமோவும் கரண்டும். கட்டி சுருங்கி உடம்பு தேறினதும் ஆபரேஷன்" என்றாராம் டாக்டர். கரண்ட் என்றால் ரேடியேஷன். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஐந்து வாரம் மதுரையிலேயே ரூம் எடுத்துத் தங்கி, இரண்டையும் முடித்துவிட்டு வந்தார். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தாகிவிட்டது.

"நல்லா எறங்குதா?" என்றேன்.

"வழுக்கிக்கிட்டுப் போவுது அண்ணாச்சி! இது ரெண்டாவது!"

சந்தோஷத்தில் எனக்கும் இரண்டு சொன்னேன்.

"ஆபரேஷன் என்னைக்கு?"

"அதுவா... நேத்துல்லா இருந்துச்சு. நான் போவல."

பிய்த்த புரோட்டா என் கையிலேயே நின்றது.

"ஏன்?"

"நீங்கதான அண்ணாச்சி சொன்னிய?"

நானா?

யோசித்தேன்... ஆமாம், நானேதான். மூன்று வாரத்துக்கு முன்னால் போன் செய்து, இட்லி இறங்குகிறது என்று சொன்னார். "பெறகென்ன, சரியாயிட்டுல்லா! இனிமே கத்தி எதுக்கு?" என்றேன். சும்மா ஓர் உற்சாகத்துக்கு! அதை அந்த மனிதர் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். பேப்பரில் எழுதுகிற அண்ணாச்சி விவரம் தெரியாமலா பேசுவார் என்று நினைத்திருக்கிறார்.

பயந்துபோனேன். ஒரு மனிதனின் உயிரை அரை நிமிஷப் போன் பேச்சில் முடிக்கப் பார்த்திருக்கிறேன்!

அவரோடு வேனில் ஏறி ஊருக்கே போனேன். ஓட்டப்பிடாரம் ரோட்டில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் உளுந்துக் காடு. அவர் மனைவி முத்துலட்சுமி என்னைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி, கோரைப்புல்லு மேல காஞ்சு கெடந்தா செத்துப் போச்சுன்னா அர்த்தம்? கீழ கெழங்கு கெடக்கும்லா? ஒரு மழைக்குத் திரும்ப வந்து நிக்கும். கரிசல்ல பொறந்த ஒங்களுக்கு இதுகூடவா தெரியாது? நான் சொன்னா இவிய கேக்கவே மாட்டேங்காவ. அண்ணாச்சி சொல்லிட்டாவ, அண்ணாச்சி சொல்லிட்டாவங்காவ!"

"விடிஞ்சதும் மதுரைக்குப் போவோம்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் மதுரை. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கட்டி சுருங்கி வழி விட்டிருக்கு. அதான் சாப்பாடு இறங்குது. கண்ணுக்குத் தெரியாம உள்ள மிச்சம் இருக்கலாம். அதை எடுக்கத்தான் ஆபரேஷன். உடம்பு தேறியிருக்கிற இந்த நேரத்தை விட்டா எப்படி? நல்லவேளை, ரொம்பத் தள்ளிப் போகலை. சரி... வேண்டாம்னு சொன்னது யாரு?"

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

நோயாளியிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கலாம், தப்பில்லை. பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோமே... அங்கேதான் வினை. தெரியாது என்பதை வெளியே சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

புதுத் தேதி கிடைத்துவிட்டது. இந்த இதழ் கடைக்கு வருகிற அதே நாள். நீங்கள் இதைப் படிக்கும்போது செல்வராஜ் தியேட்டருக்குள் இருப்பார். வெளியே பெஞ்சில், முத்துலட்சுமிக்குப் பக்கத்தில் நான் — வாயை மூடிக்கொண்டு.