நிறுத்தாமல் விட்டு வந்த மெஷின்

மொழிபெயர்க்கிற வேலையில் ஒரு தொல்லை, ரெண்டு பக்கத்துக் கோபமும் நடுவில் நிற்கிறவள் மேல்தான் விழும். ஏதாவது ஒரு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, இதோ கூப்பிடுவார்கள், இதோ கூப்பிடுவார்கள் என்று காலை ஆட்டிக்கொண்டிருந்த உங்களுக்குச் சொல்லாமல் இதை வேறு யாருக்குச் சொல்வேன்?

நான் படித்தது நாலாங்கிளாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒடிசாப் பசங்களுக்கு மெஸ் நடத்தியே ஒடியா பேச்சு காதில் ஏறிவிட்டது. மெஸ்ஸை மூடிவிட்டு சேக்காட்டில் சும்மா கிடந்தவளை, பூந்தமல்லி கோர்ட்டு வக்கீல் சாதிக் தேடி வந்து, ஒரு ஒடியாக் கைதி பேசுவதைத் தமிழில் சொல்லப் பிடித்துக்கொண்டார்.

ஆளைக் கேட்கிற சட்டம்

கைதி பெயர் பிகாஷ். என் மெஸ்ஸில் சாப்பிட்டவன்தான். ‘மாவுசி’ என்பான், நம்ம சித்தி மாதிரி. பெடலைக் காலால் மிதித்துத் தகடு அமுக்குகிற பிரஸ் மெஷினில் ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் நின்ற ஒருநாள், கையைப் பிடித்து இழுத்த சூப்பர்வைசரை ஸ்பானரால் அடித்துவிட்டான். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. தண்டனை ஆகி உள்ளே போனபிறகு இவனுக்குப் புத்தி தடுமாறியது. ஊரில் அம்மா நடக்க முடியாதவள், இத்தனை தூரம் வந்து பார்க்க வழியில்லை. அந்த ஊர் ஜெயிலுக்கு மாற்றினால் வைத்தியமும் நடக்கும், மகன் முகத்தையும் பார்ப்பாள். அதற்கு இந்த கவர்மெண்ட் அனுப்புகிறேன் என்று சொல்ல வேண்டும், அந்த கவர்மெண்ட் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். முதலில் பிகாஷ் தன் வாயால் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்திலும் இப்படி ஒரு சட்டம் இருந்ததாம். தான் ஆண்ட ஒரு சீமையிலிருந்து இன்னொரு சீமைக்குக் கைதியை, புத்தி பேதலித்தவனைக்கூட, கப்பலேற்றிவிடுவானாம். சாதிக் சொன்னார்: “அப்போ ஆளைக் கேக்கலக்கா, அனுப்பிட்டான். இப்போ ஆளைக் கேக்குறோம். அதான் லேட்டு.”

மாட்டேன்

குமணன்சாவடி சிக்னலில் பஸ் நின்றதிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஆஸ்பத்திரியில் பிகாஷ் உட்காரவே இல்லை. வலது கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. “ஊர்ப்பக்கம் போறியான்னு கேளுங்கம்மா” என்றார், அவன் பதிலை எழுதிக்கொள்ள வேண்டிய டாக்டரம்மா. கேட்டேன். மாட்டேன் என்றான். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே மாட்டேன். ஏன்டா என்று கெஞ்சியதற்கு என் காதோரம் சொன்னான்: “மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு மாவுசி. நிறுத்தாம எப்படிப் போறது?”

டீக்கடையில்

மூன்றாவது தடவையும் மாட்டேன் என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள் என்றார் சாதிக். டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “யக்கா, அந்த ரூம்ல ஒடியா தெரிஞ்சது நீ ஒருத்திதான். போறேன்னு சொன்னான்னு சொல்லிடேன்.”

சொல்லியிருப்பேன். நான் பார்த்தேயிராத அவன் அம்மாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனால் அவன் சொல்லாததை நான் சொன்னால், கப்பல் ஏற்றினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நேராக எஸ்டேட்டுக்குப் போய், அவனோடு வேலை பார்த்த வேலுவிடம் அந்த மெஷின் எங்கே என்று கேட்டேன். அவன் சிரித்தான். “அது காயலாங்கடைக்குப் போயி எவ்ளோ நாளாச்சு யக்கா! இல்லாத மெஷினை அவன் இன்னாத்த நிறுத்தப் போறான்?”

சிவப்பு பட்டன்

மூன்றாவது தடவை போனபோது, மெஷினே இல்லையடா என்றேன். பிகாஷ் என்னைத்தான் பைத்தியம் மாதிரிப் பார்த்தான். கால் நிற்கவில்லை. மாட்டேன் என்று எழுத டாக்டரம்மா பேனாவைத் திறந்துவிட்டார். “சரிடா, ஓடுதுன்னே வச்சுக்கோ. நீயே நிறுத்தேன்” என்றேன்.

பெடலிலிருந்து எடுக்கிற மாதிரி காலைப் பின்னுக்கு இழுத்தான். மேஜைமேல் இருந்த சிவப்பு ஸ்டாம்ப் பேடை, மெஷினை நிறுத்துகிற பட்டன் மாதிரி விரலால் அமுக்கினான். பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “கொஞ்சம் இருங்கம்மா, சக்கரம் இன்னும் நிக்கல” என்றேன். நின்றது போலிருக்கிறது. சுவரில் இல்லாத மெயின் சுவிட்சைக் கையால் இறக்கினான். சட்டை நுனியால் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். போகிறேன் என்றான்.

நான் சொல்லிக்கொடுத்ததோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னார். அவன் சொன்னதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னேன்: “அங்கேயும் ஜெயில்தான், தெரியும். ஆனா அம்மா ஆட்டோல வந்துடுவா.”

வேன் கிளம்பிய நாள்

அதன் பிறகு ரெண்டு கவர்மெண்டும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. நான் தினம் சாதிக்குக்கு போன் போட்டு அவர் உயிரை வாங்கினேன். மழைக்காலம் போய் வெயில் வந்தபிறகு ஒரு காலை, போலீஸ் வேன் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிகாஷ் உட்கார்ந்திருந்தான். அழுவான், கையாட்டுவான் என்று நின்றேன். அவன் குனிந்து என் செருப்பையே பார்த்தான். “மாவுசி, உன் கால் ஏன் மிதிச்சுக்கிட்டே இருக்கு? மெஷினை நிறுத்திட்டேனே.”

அவன் அம்மா மூன்று தடவை ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டாளாம், என் கால்தான் ஆபீஸ் பெஞ்சைக் கண்டால் இன்னும் நிற்க மாட்டேன் என்கிறது, உங்கள் கால் எப்படி?