இடைவிலகியோர் பக்கம்

எங்கள் வகுப்பு மலரை விற்றவர்களில் நானும் ஒருவன். நன்றாக விற்றவனும் நான்தான் என்று மேடையில் சொன்னார்கள். கைதட்டவும் செய்தார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் வாயில் கசக்கிறது.

யாழ்ப்பாணப் பட்டினத்தில், ஐந்து சந்திக்குக் கிட்ட, எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுப்பது, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கலியாண அழைப்பிதழுக்கு ஓடர் எடுத்து நெல்லியடியில் உள்ள அச்சகத்துக்கு அனுப்புவது, இவைதான் தொழில். புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்து தொடங்கியது. என் மனைவி புத்தளத்துக்காரி. பிள்ளைகள் அவளுடைய தமிழைத்தான் கதைக்கிறார்கள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பவன் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் காலையில் என் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் கடைக்கு வந்தான். உயர்தர வகுப்பின் முதலாம் வருடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். வங்கியில் பெரிய பதவியில் இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, இப்போது எங்கள் வகுப்புப் பழைய மாணவர்களுக்குச் செயலாளர். கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு ஒரு மலர் வெளியிடப் போகிறது என்றான். ஆளுக்கொரு பக்கம். மேலே பள்ளிக்கூடக் காலத்துப் படம், கீழே இப்போதைய குடும்பப் படம், நடுவில் நாலு வரி. வெளிநாட்டில் இருப்பவர்கள் அச்சுச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள். மலரை வகுப்புத் தோழர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் விற்று வருவதைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்பதாகத் திட்டம்.

நான் பெரிதாக அக்கறை காட்டவில்லை. அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். பார்த்தால் அது என்னுடைய பக்கம். மேலே பதினேழு வயது நான், உதைபந்தாட்ட அணியின் கோடு போட்ட சட்டையோடு நிற்கிறேன். யாரோ ஒருவருடைய அல்பத்தில் இருந்த குழுப்படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டிப் பெருப்பித்திருந்தார்கள். அந்த வயதில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் துவக்கோடு வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, பைகளைத் திறந்து பார்த்துத்தான் அனுப்பினார்கள். படங்களைக் கொண்டு போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

"இப்பிடித்தான் ஒவ்வொருத்தனுக்கும் அவன்ரை பக்கத்தைக் காட்டப் போறம்" என்றான். "தன்ரை பக்கத்தைக் கண்டவன் வாங்காமல் விடமாட்டான், மச்சான். உங்கடை பதினொரு பேரையும் நீதான் பிடிச்சுத் தர வேணும். எங்களிட்டை ஒரு விபரமும் இல்லை."

உங்கடை பதினொரு பேர் என்றது ஒரு கணம் தைத்தது. ஒரே வகுப்பில் இருந்த முஸ்லிம் மாணவர்கள் பதினொருவர், என்னோடு சேர்த்து. தைத்ததை நான் விட்டுவிட்டேன். கண் அந்தப் படத்திலேயே இருந்தது.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கடைக்காரனுக்கு விற்பது கைவந்த வேலை. வட்ஸ்அப்பில் போட அவர்கள் எழுதி வைத்திருந்த அறிவித்தல் கோயில் நோட்டீஸ் போல இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, "நீங்கள் இல்லாமல் இந்த வகுப்பு முழுமையில்லை" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். செயலாளருக்குப் பிடித்துவிட்டது. ரொறன்ரோ வரைக்கும் அந்த வரிதான் போனது. உள்ளூர்த் தோழர்களின் வீடுகளுக்கும் நானே மாதிரிப் பக்கங்களோடு போனேன். ஒரு வீட்டில் கணவன் வேண்டாம் என்றால் பக்கத்தை மனைவியின் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். இளமைக் காலத்துப் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு யாரும் மறுப்பதில்லை.

எங்கள் ஆட்களிடம் அது அவ்வளவு சுகமாக நடக்கவில்லை. இரண்டு பேரைத் தேடியும் கிடைக்கவில்லை. நீர்கொழும்பில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவன், போனில் நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டான். புத்தளத்தில் பள்ளிக்கூடம் சேர விடுகைப் பத்திரம் தேவைப்பட்டது, அதற்காகக் கல்லூரிக்கு மூன்று தரம் கடிதம் போட்டேன், பதிலே வரவில்லை என்றான். அதோடு அவன் படிப்பு நின்றது. "அண்டைக்கு ஒரு துண்டுக் கடதாசி தர ஏலாதவைக்கு இப்ப என்ரை முகம் வேணுமாமோ?" என்று கேட்டான்.

சண்டைக் காலத்தில் தபால் ஒழுங்காக ஓடவில்லை, அதிபரும் மாறிவிட்டார் என்று நான் கல்லூரிக்காக வாதாடினேன். அடுத்தடுத்த கிழமைகளிலும் போன் எடுத்தேன். கடைசியில், உனக்காக வாங்குகிறேன் என்றான். அது எனக்கு வெற்றியாகத்தான் பட்டது.

பதினொருவரில் ஒருவன் உயிரோடு இல்லை. புத்தளத்தில் அகதி முகாமில் இருந்த காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய அக்கா, நாங்கள் ராத்தா என்போம், அங்கேயே இருக்கிறா. தையல் வேலை செய்கிறா. போனில் சொல்லாமல் நேரே போனேன். கல்பிட்டி வீதியால் இறங்கி உள்ளே நடந்தால் அவவின் வீடு. முன்னறை முழுவதும் பள்ளிக்கூடச் சீருடைத் துணி. உதைபந்தாட்ட அணியின் குழுப்படத்தில் அவனும் இருந்தான், பின்வரிசையில், பாதி முகம் மற்றவனின் தோளில் மறைந்தபடி. செயலாளர் அதைப் பெருப்பித்துப் பக்கமாக அடித்துத் தந்த தாளைக் கொண்டு போயிருந்தேன்.

ராத்தா அதை வாங்கிக்கொண்டு போய் யன்னலடியில் நின்று பார்த்தா. தம்பியின் படம் ஒன்றுகூட அவவிடம் இல்லை. அவனுடைய முகத்தைத் தன் மகனின் முகத்தில் பார்த்துத்தான் இத்தனை வருடமும் ஞாபகம் வைத்திருப்பதாகச் சொன்னா. இரண்டு மலர் வேண்டும் என்றா, ஒன்று மகனுக்கு. அந்தத் தாள் மாதிரி மட்டும்தான், அதை விட்டுவிட்டுப் போக இயலாது, மலர் வரட்டும் என்று நான் சொன்னேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தாளைக் கையில் கொடுத்துவிட்டால் மலரை வாங்கமாட்டார்கள். நான் அதை வாங்கி மடிக்காமல் உறைக்குள் வைத்தேன். அவ கொடுக்கும்போது விரல் கொஞ்சம் தாமதித்தது எனக்குத் தெரிந்தது.

"படத்துக்குக் கீழ என்ன போடுவீங்கள்?" என்று கேட்டா.

பெயர், படித்த காலம், இறந்த வருடம் என்றேன்.

"இன்னும் ஒரு வரி போடுங்க தம்பி. அவன் பள்ளிக்கூடத்த விட்டுப் போகல்ல, போகச் சொன்னதாலதான் போனவன் எண்டு. அவன் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்த பிள்ளை."

அந்த வரியை அவவின் முன்னாலேயே எழுதினேன். திரும்பி வந்து செயலாளரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, ஓம், போடுவம் என்றான். எங்கள் எல்லோருடைய விபரங்களையும் மாதிரித் தாள்களையும் அவனிடமே ஒப்படைத்தேன். நெல்லியடி அச்சகம் எனக்கு நன்றாகப் பழக்கம். போய் ஒரு தரம் ஒப்புப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன்தானே என்று இருந்துவிட்டேன்.

வெளியீட்டு விழா கல்லூரி மண்டபத்தில் நடந்தது. மலர்கள் நெல்லியடியிலிருந்து அன்று காலையில்தான் வந்தன. தடித்த அட்டை, பொன்னிற எழுத்து. உள்அட்டையில் "நீங்கள் இல்லாமல்" என்ற என்னுடைய வரி பெரிதாக இருந்தது. எனக்கு வாசலடியில் விற்பனை மேசை. பேச்சுகள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மலரை எடுத்து என் பக்கத்தைத் தேடினேன். அகர வரிசையில் என் பெயர் வரவேண்டிய இடத்தில் வேறொருவன் இருந்தான். முன்னும் பின்னும் புரட்டினேன். நீர்கொழும்புக்காரனும் இல்லை.

கடைசியில், ஆசிரியர்களின் பக்கங்களும் முடிந்து, நன்றியுரைக்கு முந்திய பக்கத்தில் நாங்கள் இருந்தோம். எல்லோரும் ஒரே பக்கத்தில், தபால் முத்திரை அளவில், மூன்று மூன்று பேராக. கிடைக்காத இரண்டு பேருக்கு வெறும் கட்டம். ராத்தா கேட்ட வரி இல்லை. பக்கத்துக்கு மேலே தடித்த எழுத்தில் "இடைவிலகியோர்" என்று போட்டிருந்தது.

முதலில் வேறு யாரையோ பற்றிய பக்கம் என்றுதான் நினைத்தேன். படிப்பு ஓடாமல் கடைக்கும் தோட்டத்துக்கும் போன பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்வார்கள்.

தேநீர் இடைவேளையில் செயலாளரை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவன் தடுமாறவில்லை. பதில் தயாராக இருந்தது.

"வெளிநாட்டிலை இருக்கிறவை மலரிலை அரசியல் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம், மச்சான். காசு அவையின்ரை. தலைப்பு நான் யோசிச்சுப் போட்டதில்லை. கல்லூரியின்ரை சேர்விடாப்பிலை, அந்தப் பழைய பதிவுப் புத்தகத்திலை, உங்கடை பேருகளுக்கு நேரை அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. வேணுமெண்டால் வந்து பார்."

"இரண்டு மணித்தியாலத்திலை பதினொரு பேரும் ஒண்டா இடைவிலகினமோ?" என்றேன்.

அவன் என் தோளில் கைவைத்து, ஆக்கள் பாக்கினம், பிறகு கதைப்பம் என்றான்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியதைப் பற்றி எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். மேடையில் ஏறியிருக்கலாம். மேசையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் செய்தது, திரும்பி வந்து மேசையில் இருந்ததுதான். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக எடுத்துக் கொடுத்தேன். ஒரு பழைய ஆசிரியர் என் கையைப் பிடித்து, நீங்களும் திரும்பி வந்து இதில் நிற்பது எவ்வளவு சந்தோஷம் என்றார். ஓம் சேர் என்றேன். என் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டியது அதற்குப் பிறகுதான். எழுந்து நின்று தலையையும் அசைத்தேன்.

வீட்டில் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். நம்மட ஆக்களிட்ட இத வித்தது நீங்கதானே என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மற்றவர்களுக்கு மலர்களைத் தபாலில் அனுப்பினேன். ஒரு கிழமைக்குப் பிறகு நீர்கொழும்புக்காரன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஒரு எழுத்தும் எழுதவில்லை. நான் எடுத்தால் போனைத் தூக்குவதும் இல்லை.

ராத்தாவுக்குத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கடையில் வைத்து, ராத்தா கேட்ட வரியைச் சின்ன ஒட்டுத் தாளில் அடித்து, தலைப்பை மறைத்து ஒட்டிப் பார்த்தேன். பிழைதிருத்தம் போல இருந்தது. பிய்த்தேன். பசையில் தாள் கொஞ்சம் கிழிந்தது, எழுத்து போகவில்லை. அப்படியே கொண்டு போனேன்.

தைத்துக்கொண்டிருந்தவ மெசினை நிறுத்திவிட்டு மலரை வாங்கினா. நானே பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவ தலைப்பை வாசித்தா. பிறகு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தம்பியிடம் வந்து நின்றா. அவ்வளவு சிறிய படத்தில் பாதி முகம் ஒரு பொட்டு மாதிரித்தான் தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன். அந்த வரியை நான் கொடுத்தேன், அவர்கள் போடவில்லை என்று இரண்டு தரம் சொன்னேன்.

"இதக் கண்ட பிறகும் நீங்க இருந்து வித்தீங்களா தம்பி?" என்று கேட்டா.

ஓம் என்றேன்.

 மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, தம்பியின் படத்தை மட்டும் சுற்றி வெட்டி எடுத்தா. தையற்காரியின் கை, கோணலே இல்லை. மலரை மூடி என்னிடம் நீட்டினா. மகனுக்கென்று கொண்டு போயிருந்த மற்ற மலரையும் திருப்பித் தந்தா.

"படம் எனக்குக் காணும். இத நீங்க கொண்டு போங்க. மகன் கண்டால் வாசிப்பான்."

மாதிரித் தாளைப் பற்றி அவ கேட்கவில்லை. எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து செயலாளரிடம் கேட்டேன். விழா முடிந்த பிறகு மாதிரித் தாள்களை எல்லாம் பழைய கடதாசிக்குப் போட்டுவிட்டார்கள். குழுப்படம் யாருடைய அல்பத்தில் இருந்தது என்பதும் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் கடைக்கு வந்தான். கொஞ்ச மலர்கள் மிச்சம் இருக்கிறதாம், நான் கைவைத்தால் ஓடிவிடுமாம். நான் ஒருவருடைய அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையை விடாமல், ஏலாது என்றேன்.

"கோவமோ, மச்சான்?"

"ஓம்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தான். வெயிலைப் பற்றி ஏதோ சொன்னான். பிறகு எழுந்து போனான்.