காதுக்கு எட்டாத கை

எனக்கு ஆறு வயது நடக்கும்போது ஒரு நாள் காலையில் முகம் வீங்கி எழுந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் "புள்ளைக்குச் சதை போட்டிருக்கே" என்று அம்மாவைப் பாராட்டினார்கள். ஒரு வாரத்தில் காலும் வயிறும் உப்பிய பிறகுதான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். மாதக்கணக்கில் அங்கே கிடந்துவிட்டு வீடு திரும்பும்போது, "வீக்கம் வத்துற வரைக்கும் உப்புக் குடுக்காதீங்க, நடக்க விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் அம்மாவின் வேலை.

விடிந்ததும் அம்மா கட்டைவிரலால் என் கணுக்காலை அழுத்திப் பார்ப்பாள். பள்ளம் விழுந்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று அர்த்தம். சில மாதங்களில் பள்ளம் விழுவது நின்றுபோனது. எனக்கே தெரிந்தது. அம்மாவுக்கு மட்டும் தினமும் பள்ளம் தெரிந்தது. "இன்னும் அமுங்குதுடி" என்று சொல்லி என்னை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் என்னையும் இறக்கிவிட்டு மலைக்குப் போய்விடுவாள்.

இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே கிடந்தேன். சுற்றிலும் சேலைத் தொட்டில்கள், மூத்திர வாடை, ஓயாத அழுகை. ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. எழுந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, "ஒக்காருடி, ஒங்கம்மா என்னையத்தான் ஏசும்" என்பாள். உட்கார்ந்தேன். தவழ்ந்தவை நடந்தன, நடந்தவை ஓடின, ஓடியவை பள்ளிக்கூடம் போயின. நான் மட்டும் உப்பில்லாச் சோற்றைத் தின்றுகொண்டு பாயிலேயே இருந்தேன். என் பேச்சுகூட மழலையாகிப் போனது. எழுந்து நின்றால் முட்டி நடுங்கியது. ஆயா மேல் எனக்குக் கோபமில்லை. அம்மா மேல் இருந்தது, வண்டி வண்டியாக. அதைப் பாலுக்கு அழுத குழந்தைகளைக் கிள்ளித் தீர்த்துக்கொண்டேன்.

தம்பிக்கு ஆறு வயதானதும் அம்மா எங்கள் இருவரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பிறப்புப் பத்திரங்கள் பிரஜாவுரிமை மனுவோடு போய் எங்கோ ஓர் அலுவலகத்தில் கிடந்தன. ஆகவே வாத்தியார் வழக்கம்போலக் காதை வைத்தே வயதைப் பார்த்தார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கூடம். தம்பி சிரித்துக்கொண்டே தொட்டான். என் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வாத்தியார் தாடையைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். மறுபடியும் அந்தப் பாய்தான் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"இதுக்கு இன்னும் வயசு வரல. அடுத்த வருசம் கூட்டிக்கிட்டு வாங்க."

"இவதாங்க மாஸ்டர் மூத்தவ. ஒம்பது வயசு" என்றாள் அம்மா.

அவர் என்னையும், என்னைவிட உயரமாக நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "சீக்குல வளராம போயிட்டா. அது யார் குத்தமுமில்லீங்க. ஆனா டாக்டர் வீக்கம் வத்துற வரைக்கும்னுதான் சொன்னாரு. அது எப்பவோ வத்திருச்சு. நாந்தான் பயந்துக்கிட்டு உக்கார வச்சே வச்சிருந்துட்டேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

வாத்தியார் என் பெயரையும் எழுதிக்கொண்டார். பாலர் வகுப்பின் முன் வாங்குப் பலகையைக் காட்டி, "போம்மா, போய் உக்காரு" என்றார்.

தம்பி போய் உட்கார்ந்தான். நான் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முட்டி வெடவெடவென்று நடுங்க, மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.